பக்கத்துக் கடையின் சிபாரிசு

சிறு கடைக்காரருக்குக் கைக்காசு கரையாத விளம்பரம் ஒன்று உண்டு: இன்னொரு கடைக்காரரின் சிபாரிசு. பட்டுப் புடவை எடுத்து பில் போடும்போது, “ப்ளவுஸ் எங்கே தைக்கக் கொடுக்கலாம்?” என்று கேட்பவர்கள் ஏராளம். அந்த நிமிடத்தில் ஜவுளிக்கடைக்காரர் சொல்லும் தையல்காரரின் பெயருக்கு எந்த பேனரும் ஈடாகாது. பேனரைப் பார்க்கிற பெரும்பாலோருக்கு அன்றைக்குத் தைக்க எதுவுமே இருக்காது. கடையில் கேட்பவரின் கையிலோ துணி இருக்கிறது, முகூர்த்தத் தேதியும் நெருங்குகிறது. பதிலுக்கு, லைனிங், ஃபால்ஸ் வாங்கத் தையல்காரர் அதே கடைக்கு ஆள் அனுப்புவார். வாடிக்கையாளர் ஒருவரே, சரக்கு வேறு. இந்தப் பொருத்தம் இருந்தால்தான் கூட்டு நிலைக்கும். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவருக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் இது உண்டு. அச்சக மேஜையில் ஸ்டுடியோவின் சாம்பிள் ஆல்பம் ஒன்று கிடந்தால், புரூஃபுக்காகக் காத்திருக்கும் பெண் வீட்டார் எடுத்துப் புரட்டுவார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்களது போன் நம்பரை ஸ்டுடியோவுக்குக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. அது நம்பி வந்தவருக்குச் செய்யும் துரோகம்.

சிபாரிசின் பலனை அளக்க, ஜெர்மனியில் ஒரு வங்கியின் சுமார் 10,000 வாடிக்கையாளர்களை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு, 2011இல் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ இதழில் வெளியானது. தெரிந்தவர் சொல்லி வந்தவர்களால் வங்கிக்குக் கிடைத்த மதிப்பு, மற்றவர்களைவிடக் குறைந்தது 16 சதவீதம் அதிகம். அவர்கள் விட்டுப் போவதும் குறைவு. அந்த வங்கி ஆள் சேர்த்தவருக்கு 25 யூரோ கொடுத்ததே, நாமும் கமிஷன் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அங்கே சொன்னவர் அந்த வங்கியில் கணக்கு வைத்திருப்பவர். கேட்டவர் அவருக்கு வேண்டியவர். தவறாகச் சொன்னால் உறவு கெடும். கடைக்குக் கடை கைமாறும் கமிஷனுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. யார் கூடுதலாகத் தருகிறாரோ அவர் பெயர்தான் வாயில் வரும், அந்தக் காசும் கடைசியில் வாடிக்கையாளரின் பில்லில் ஏறும். நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர்கள் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடை செய்திருக்கின்றன. துணி உயிர்ப் பிரச்சினை அல்லதான், ஆனாலும் நம்பிக்கை கெடுகிற விதம் ஒன்றே. கைம்மாறு வேலையில் இருக்கட்டும்: சொன்ன தேதியில் தைத்துக் கொடுப்பது, அளவு பிசகினால் கூலி கேட்காமல் பிரித்துத் தைப்பது.

தையல்காரர் சொதப்பினால் என் கடைப் பெயரல்லவா கெடும் என்பது ஜவுளிக்கடைக்காரரின் கவலை. கெடும்தான். அதனால் முதலில் உங்கள் வீட்டுத் துணியை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். தையல்காரரின் பயம் வேறு: ஜவுளிக்கடையே நாளை மாடியில் தையல் பிரிவு திறந்துவிட்டால்? நடக்கிற விஷயம்தான். ஒரே கடையை நம்பாமல் மூன்று நான்கு கடைகளோடு பழக்கம் வைத்திருப்பவர் அதையும் தாங்குவார்.

இந்த வாரம் உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பத்துப் பேரிடம், இங்கே வருமுன் எந்தக் கடைக்குப் போனார்கள், அடுத்து எங்கே போகப் போகிறார்கள் என்று கேளுங்கள். அதிகம் பேர் சொல்லும் கடைக்கு முதலில் உங்களிடமிருந்து ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, பிறகு நேரில் போய்ப் பேச்சைத் தொடங்குங்கள்.