மாடிமுகப்பில் இரவு விருந்தினர்

“வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால், நீயும் தொங்கு, நானும் தொங்கு” என்பது நம் பழமொழி. தில்லியிலும் மும்பையிலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாழும் தமிழர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அத்தகைய குறுகிய இடத்தில், மாடிமுகப்பின் நான்கு தொட்டிகளைக்கொண்டே வௌவாலையும் வண்ணத்துப்பூச்சியையும் பறவையையும் வரவேற்பது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

வௌவாலை வரவேற்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சட்டமே ஒரு காலத்தில் முகம் சுளித்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகத்துடனும் எலியுடனும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிற்று. விதை பரப்பியும், இலுப்பை, இலவம் போன்ற மரங்களின் மலர்களில் மகரந்தம் சேர்த்தும் இவ்வுயிர் ஆற்றும் தொண்டு இன்று நன்கு அறியப்பட்டுள்ளது.

நம் நாட்டு வௌவால்களை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். பழந்தின்னி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பி இரை தேடுவது. அவற்றுள் பெரியது, சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமுடையது. புதுதில்லி ஜன்பத் சாலையில், நாம் மருதம் என்றழைக்கும் மரங்களிலே பகலெல்லாம் தலைகீழாய்த் தொங்குவதை வழிப்போக்கர் காணலாம். மற்றது பூச்சிதின்னும் சிறு வௌவால். அந்திப்பொழுதில் தெருவிளக்கைச் சுற்றி வட்டமிடும் இதன் எடை பெரும்பாலும் 10 கிராமுக்கும் குறைவு. நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரையின் இடத்தை இது அறிகிறது. 1938-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டொனால்டு கிரிஃபின், இயற்பியல் அறிஞர் பியர்ஸ் என்பாருடன் சேர்ந்து, கருவியின் துணையால் அவ்வொலியைக் கண்டறிந்தார்.

பெரிய வௌவாலைத் தொட்டித் தோட்டத்திற்கு அழைக்க இயலாது. சிறியதை அழைக்கலாம், ஆனால் நேராக அன்று, அதன் இரையின் வழியாக. இரவில் மலரும் பூவுக்கு அந்துப்பூச்சி வரும். பூச்சியை நாடி வௌவால் வரும். ஆதலின் மணமுள்ள, வெளிறிய நிறமுள்ள அந்திப் பூக்களை வளர்க்க வேண்டும். மல்லிகையும் பவழமல்லியும் அந்திமந்தாரையும் இதற்கு ஏற்றவை. நாற்றுப்பண்ணையில் நம் பெயர்கள் செல்லுபடியாகா. பவழமல்லியைத் தில்லியில் ஹர்சிங்கார் என்றும், கொல்கத்தாவில் சியூலி என்றும் கேட்க வேண்டும். அந்திமந்தாரைக்கு இந்தியில் குல் அப்பாஸ், வங்காளியில் சந்த்யாமாலதி என்பன பெயர்கள்.

தமிழர் எங்குச் சென்றாலும் ஒரு தொட்டியிலேனும் கறிவேப்பிலை வைப்பது வழக்கம். அதன் இலையில் பறவையின் எச்சம் போன்ற சிறு புழு தென்பட்டால் நசுக்கிவிட வேண்டா. அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். வளர்ந்தபின் பச்சை நிறங்கொள்ளும். தொட்டால் தலையருகே கவட்டுக்கொம்பு ஒன்றை நீட்டி வாடை வீசும். இரண்டு தொட்டிகள் வைத்தால், ஒன்று புழுவுக்கும் மற்றொன்று சமையலுக்கும் ஆகும். இலை இழந்த செடி பெரும்பாலும் மீண்டும் தழைக்கும். தில்லிக் குளிரில் இலை உதிர்ந்தாலும் அஞ்ச வேண்டா; நீரைக் குறைத்து வெயிலில் வைத்தால் வேனிலில் துளிர்விடும்.

இன்னும் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, பூச்சிமருந்தை விலக்க வேண்டும். மருந்தடித்த தோட்டம் விருந்தினர்க்கு வெறும் பந்தி. இரண்டாவது, மாடிமுகப்பு விளக்கை வேண்டாத நேரத்தில் அணைக்க வேண்டும். இருளும் இவ்வுயிர்களுக்கு ஓர் உறைவிடமே. மூன்றாவது, பறவைகளுக்காக அகன்ற மண்தட்டில் நீர் வைத்து, கொசு முட்டையிட்டுப் பெருகாதபடி நாள்தோறும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும்.

அச்சத்தைப் பற்றியும் கூறவேண்டும். 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா நோய் தோன்றியபோது வௌவால்மீது பெரும் பீதி எழுந்தது. பெரிய பழந்தின்னிகள் அந்த வைரஸைத் தம் உடலில் தாங்கக்கூடியவை என்பது உண்மையே. ஆயினும் மரத்தை வெட்டுவதும் கூட்டத்தைக் கலைப்பதும் பரிகாரமாகா. கலைந்தவை வேறிடம் சென்று தங்குமேயன்றி மறைந்துவிடுவதில்லை. நாம் செய்யத்தக்கவை எளியவை. எவ்வகை வௌவாலையும் கையால் தொடலாகாது. கடிபட்ட பழத்தை எறிந்துவிட வேண்டும். மற்றவற்றைக் கழுவி உண்ண வேண்டும். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தொட்டிகளால் மட்டும் இக்கடமை முடிந்துவிடாது. சிறு வௌவால் பகலில் சுவர் விரிசலில் உறங்கும். விரிசலைப் பூசுமுன் ஒரு மாலை நின்று, அதிலிருந்து ஏதேனும் வெளிவருகிறதா என நோக்குவது நன்று. பெரிய வௌவாலுக்கோ குடியிருப்பின் முதுமரமே வீடு. அது ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனுவது; கூட்டம் ஒருமுறை சிதைந்தால் மீண்டும் பெருகப் பல்லாண்டாகும். தில்லியில் 1994-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதிகாரியின் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது. இதனை அறிந்தவர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாய்திறந்தால் ஒரு மரமேனும் பிழைக்கும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம், மாற்றலாகிப் போகிறவர்கள் நாம், நமக்கென்ன என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தொட்டியை உடன் கொண்டுபோகலாம். மரத்தையோ விட்டுத்தான் போக வேண்டும். விட்டுப் போகும் மரத்தைக் காப்பதே, பிழைக்க வந்த ஊருக்கு நாம் செய்யும் கைம்மாறு.