மறதி நோய் வந்தவர் நலமாக இருக்கிறாரா? அறிவது எப்படி?

டிமென்ஷியா இருக்குமோ என்ற சந்தேகத்தோடு டாக்டரிடம் போனால், இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்பார். 1975-இல் ஃபோல்ஸ்டீனும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய இந்தச் சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். போன வருடம் 24 வாங்கியவர் இந்த வருடம் 18 வாங்கினால் நோய் முற்றி வருவது தெரிகிறது. ஆனால் அவருக்குச் சாப்பாடு ருசிக்கிறதா, பேரப்பிள்ளை வந்தால் முகம் மலர்கிறதா, சாயங்காலமானால் பயம் பிடித்துக்கொள்கிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

நினைவு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வாழ்க்கையும் கெட்டுவிட்டது என்றே வீட்டில் உள்ளவர்கள் நினைக்கிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஞாபகச் சோதனையின் மதிப்பெண்ணுக்கும், நோயாளி தன் வாழ்க்கையைப் பற்றித் தானே சொல்வதற்கும் தொடர்பு மிகக் குறைவு. அவருடைய வாழ்க்கைத் தரத்தை அதிகம் கெடுப்பது மனச்சோர்வு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. மனநிலையைக் கவனித்துச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதற்கு முதலில் அதை அளக்கத் தெரிய வேண்டும்.

அவரிடமே கேட்கலாம்

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா லாக்ஸ்டன் குழுவினர் டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் வந்தவர்களுக்கென்றே ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்தார்கள். உடல்நலம், தெம்பு, மனநிலை, இருக்கும் இடம், ஞாபகம், குடும்பம், துணை, நண்பர்கள், வீட்டுவேலை செய்யும் திறன், பொழுதுபோக்கு, பணம், தன்னைப் பற்றிய எண்ணம், மொத்த வாழ்க்கை என்று 13 விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் மோசம், சுமார், நன்று, மிக நன்று என நான்கில் ஒரு பதில். மொத்தம் 13 முதல் 52 வரை வரும். ஞாபகச் சோதனையில் 10-க்கு மேல் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதற்குப் பொருத்தமாகவே பதில் சொல்கிறார்கள். ‘அவருக்கு என்ன தெரியும், என்னைக் கேளுங்கள்’ என்று முந்திக்கொள்ளும் மகனுக்கும் மருமகளுக்கும் இது செய்தி.

அதே கேள்விகளைப் பராமரிப்பவரிடமும் தனியாகக் கேட்பார்கள். பெரும்பாலும் அவர் போடும் மதிப்பெண் நோயாளி போடுவதைவிடக் குறைவாகவே இருக்கும். பராமரிப்பவர் மனத்தில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய மனிதர். அவரோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்கிறார். நோயாளியோ இன்றைய நிலைமைக்குப் பழகியிருப்பார், அல்லது இழந்தது என்னவென்றே உணராமல் இருப்பார். இன்னொரு காரணமும் உண்டு. ராத்தூக்கம் இல்லாமல் களைத்துப்போனவருக்கு எல்லாமே மோசமாகத்தான் தெரியும். அதனால் லாக்ஸ்டன் முறையில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும்போது நோயாளியின் பதிலுக்கு இரண்டு மடங்கு எடை. இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடைவெளி மிக அதிகமாக இருந்தால், பராமரிப்பவரின் நலத்தையும் விசாரிக்க வேண்டும் என்று பொருள்.

சோகமா, சுரத்தின்மையா?

வயதானவர்களின் மனச்சோர்வை அறிய 15 கேள்விகள் கொண்ட ‘ஆம், இல்லை’ பட்டியல் ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. போன வாரம் எப்படி இருந்தீர்கள் என்பதே அதன் அடிப்படை. போன வாரமே நினைவில் இல்லாதவரிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. இந்தக் குறையைத் தீர்க்க 1988-இல் ஜார்ஜ் அலெக்ஸோபூலோஸ் குழுவினர் கார்னெல் அளவுகோலை உருவாக்கினார்கள். சோகமான முகம், எரிச்சல், படபடப்பு, பசியின்மை, எடை குறைதல், அதிகாலையிலேயே விழிப்பு, தன்னைத் தாழ்த்திப் பேசுவது என 19 அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. முதலில் பராமரிப்பவரிடம் கேட்டு, பிறகு நோயாளியிடம் பேசி, அவரை நேரில் பார்த்து மதிப்பிடுவார்கள். 10-ஐத் தாண்டினால் கடுமையான மனச்சோர்வு இருக்கக்கூடும். 18-ஐத் தாண்டினால் ஏறக்குறைய உறுதி. உடல் நோயால் வந்த அறிகுறி என்றால் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிமென்ஷியாவில் எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் சகஜம். அது எப்போதும் மனச்சோர்வாக இருக்காது. மனச்சோர்வு உள்ளவர் வருந்துவார், அழுவார், ‘நான் எதுக்கு இருக்கணும்’ என்பார். நாட்டம் இழந்தவர் வருந்துவதில்லை. கைபிடித்துக் கூட்டிப்போனால் வந்துவிடுவார், தானாக எழுந்திருக்க மாட்டார். இரண்டுக்கும் கவனிப்பு வேறு. ஓரிரு நாளில் திடீரென்று ஆள் மாறிப்போனால் சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை என்று உடல் காரணம் இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மதிப்பெண் கூடியதும் மாத்திரைதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். 2011-இல் பிரிட்டனில் 326 பேரிடம் நடந்த ஆய்வில், மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரும் இரண்டு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அளந்தது இதே கார்னெல் அளவுகோலால்தான். மூன்று பிரிவினருக்குமே மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. புதிதாகத் தொடங்கும் முன், பகலில் அவருக்கு என்ன வேலை இருக்கிறது, யார் பேசுகிறார்கள், எங்கே வலிக்கிறது என்று பார்ப்பது முக்கியம்.

பேச்சு குறைந்த பிறகு

வார்த்தை போய்விட்டால் முகமும் உடம்பும்தான் பேசும். வலியை அறிய மூச்சு, முனகல், முகபாவம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என ஐந்தைப் பார்த்து 10-க்கு மதிப்பிடும் முறை உண்டு. கடைசிக்கட்ட நோயாளிகளுக்கு, கடந்த ஏழு நாளில் சிரித்தாரா, அழுதாரா, தொட்டால் பிடித்திருந்ததா, சாப்பாட்டை ரசித்தாரா என 11 விஷயங்களைக் கேட்கும் பட்டியல் இருக்கிறது. பிரிட்டனின் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் தொடங்கிய முறை இன்னும் நுணுக்கமானது. பயிற்சி பெற்ற ஒருவர் பராமரிப்பு இல்லத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறிப்பார். ஊழியர்கள் நோயாளிகளைக் குழந்தைபோல அதட்டினார்களா, மரியாதையோடு பேசினார்களா என்பதும் பதிவாகும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வீட்டில் பட்டியல்கள் தேவையில்லை. ஒரு நோட்டு போதும். தூக்கம், சாப்பாடு, சிரிப்பு, அழுகை, கோபம், அதற்குச் சற்று முன் நடந்தது என்ன என்பதை எழுதி வையுங்கள். அவரோடு அதிகம் இருக்கும் ஒருவரே தொடர்ந்து எழுதுவது நல்லது. இரண்டு வாரக் குறிப்பு டாக்டருக்குப் பெரிய உதவி.

கேட்கும்போது இப்போதைய விஷயத்தைக் கேளுங்கள். ‘நேத்து எப்படி இருந்தீங்க’ என்பதைவிட ‘அம்மா, இந்தக் காபி நல்லா இருக்கா?’ என்பதற்குப் பதில் சுலபம். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிட்டுக் கேளுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்றால் ‘எனக்கென்ன குறை’ என்றுதான் நம் பெரியவர்கள் சொல்வார்கள். தனியாக இருக்கும்போது கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

‘போய்ப் பார்த்தாலும் மறந்துதானே போகிறார்’ என்று உறவினர்கள் சொல்வதுண்டு. அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதற்குப் பதில் சொல்கிறது. 17 அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துண்டுகளைக் காட்டினார்கள். சில நிமிடங்களில் படம் மறந்துபோனது. ஆனால் படம் எழுப்பிய உணர்ச்சி அரைமணி நேரம் வரையிலும் நீடித்தது. படத்தைக் குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களுக்குச் சோகம் அதிக நேரம் இருந்தது. அதட்டலும் அப்படித்தான், அன்பான பேச்சும் அப்படித்தான்: யார் பேசியது என்பது மறந்தாலும் மனம் அந்த நிலையிலேயே இருக்கும். காரணமில்லாமல் கலங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும்போது, அரைமணிக்கு முன் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யோசிப்பது நல்லது.