நியூமா: காற்றா, ஆவியா, ஆவியானவரா?

மதுரைத் திருநகரை அடுத்த பசுமலையில் கிறிஸ்தவ இறையியற் கல்வி 1845ஆம் ஆண்டிலேயே வேரூன்றியது. அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 முதல் இயங்கி வருகிறது. இத்தகைய சூழலில் வாழும் முஸ்லிம்கள் கிறிஸ்தவ அன்பர்களோடு சமயம் பற்றி உரையாட நேர்வது இயல்பே. அவ்வுரையாடல்களில் இடர்ப்பாட்டை விளைவிக்கும் சொற்களுள் ஒன்று ‘ஆவி’. விவிலியத்தின் ‘பரிசுத்த ஆவி’யும் அல்குர்ஆனின் ‘ரூஹுல் குத்ஸு’ம் ஒன்றே என்று கருதிவிடுவோர் உளர். மூலச் சொல்லை ஆராய்ந்தால் இவ்வவசர முடிவைத் தவிர்க்கலாம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அச்சொல் ‘நியூமா’ என்பதாகும். ‘வீசுதல், ஊதுதல்’ எனப் பொருள்படும் வினையினின்றும் பிறந்த இச்சொல் ஏறத்தாழ 380 இடங்களில் வருகிறது. யோவான் 3:8இல் ஒரே வசனத்தில் முதலில் காற்றையும் இறுதியில் ஆவியையும் இதுவே குறிக்கிறது. மத்தேயு 27:50இல் பிரியும் உயிர்மூச்சு. மத்தேயு 5:3இல் மனித உள்ளம். லூக்கா 24:37இல் சீடர்கள் கண்டு அஞ்சிய அருவம். மத்தேயு 10:1இல் தீய ஆவிகள். எபிரெயர் நிருபத்தின் முதல் அதிகாரமோ வானவர்களையே இச்சொல்லால் சுட்டுகிறது. 1871இல் வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 7ஆம் வசனத்தில் ‘காற்றுகள்’ என்றும், 14ஆம் வசனத்தில் ‘ஆவிகள்’ என்றும் பெயர்த்துள்ளது.

காற்றையும் உயிரையும் ஒரு வேரில் இணைப்பது கிரேக்கத்துக்கு மட்டும் உரியதன்று. எபிரெயத்தின் ‘ரூவாஹ்’ இரண்டையும் குறிக்கும். அரபியில் ‘ரூஹ்’, ‘ரீஹ்’ ஆகியன ஒரு வேரினவே. தமிழிலும் நீராவி, ஆவி பிரிதல் என்பன வழக்கில் உள்ளன. உயிரெழுத்தையும் இலக்கண நூலார் ஆவி என்பர். எனவே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல் பொருத்தமானதே.

ஆயினும் தமிழ் இலக்கணம் ஒரு நெருக்கடியைத் தோற்றுவித்தது. கிரேக்கத்தில் ‘நியூமா’ அலிப்பால் சொல். தமிழில் ஆவி அஃறிணை. ரோமர் 8:16இல் ‘நியூமா’ இருமுறை வருகிறது. மூலத்தில் இரண்டுக்கும் சொல்வடிவில் உயர்வு தாழ்வு இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முன்னது ‘ஆவியானவர்’, பின்னது ‘ஆவி’. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘தூய ஆவியார்’ எனும் வடிவைக் கையாள்கிறது. மூலச் சொல் வாய்திறவாது விட்ட ஒன்றைத் தமிழின் திணைப் பாகுபாடு கூறிவிடுகிறது. அதாவது, திரித்துவக் கோட்பாட்டின் விளக்கம் ஒரு விகுதியாகவே வசனத்துள் அமைந்துவிடுகிறது.

இதைக்கொண்டு, ‘அலிப்பாலாதலின் அது ஆள் அன்று’ என வாதிடுதலும் முறையன்று. கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் சொல்லும் அலிப்பாலே. இலக்கணப் பால் வேறு. பொருளின் இயல்பு வேறு. அவ்வாறே, ஆவிகளைச் சோதித்தறியுமாறு கூறும் 1 யோவான் 4:1ஐக் காட்டி, ஆவி என்றாலே நபி எனப் பொருள் கொள்வாரும் உண்டு. அவ்வசனம் கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றியது. அங்கு ஆவி என்பது அவர்களைப் பேசவைக்கும் ஏவுதலைச் சுட்டுவதாகவே கொள்ளத்தகும். ஓரிடத்துப் பொருளை எல்லா இடங்கட்கும் ஏற்றுதல் ஆய்வாகாது.

இனி நம் வேதத்தை நோக்குவோம். ‘ரூஹுல் குத்ஸ்’ அல்குர்ஆனில் நான்கு இடங்களில் (2:87, 2:253, 5:110, 16:102) வருகிறது. வேதத்தை இறக்கியது ரூஹுல் குத்ஸ் என 16:102 கூற, ஜிப்ரீல் (அலை) என 2:97 கூறுகிறது. இவ்விரண்டையும் இணைத்தே முஃபஸ்ஸிர்களுள் பெரும்பாலோர் அது வானவர் ஜிப்ரீலையே குறிக்கும் என்றனர். அவர் படைக்கப்பட்டவர், வணக்கத்துக்குரியவர் அல்லர். கிறிஸ்தவர்க்கோ பரிசுத்த ஆவி இறைத்தன்மை உடையவர். அரபு விவிலியத்திலும் ‘ரூஹ்’ என்ற சொல்லே வழங்குகிறது. சொல் ஒன்றாயினும் கருத்து வேறு. ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்விடமிருந்து வந்த ‘ரூஹ்’ என 4:171 கூறுவதைப் படிக்கும்போதும், ஆதம் (அலை) அவர்களுள் ரூஹ் ஊதப்பட்டதைக் கூறும் 15:29ஐ உடன்வைத்துப் படிக்க வேண்டும்.

ஆகவே, ‘ஆவி’ என்ற சொல் உரையாடலில் எழும்போது எந்த வசனம், எந்தப் பொருள் என முதலில் வினவுவோமாக. பிறர் நூலை அதன் மொழியில் வைத்து அறிய முற்படுவது அவர்க்குச் செய்யும் நீதி. நம் நூலின் சொல்லைப் பிறிதொன்றோடு குழப்பாதிருப்பது நம் கடமை.