குறைத்துக் கட்ட நிறையத் தெரிந்தவர்

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் செங்கல்லால் ஆன சுருள் கட்டடம் ஒன்று இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் போய் இறங்குகிற நம்மவர்கள் பலருக்கு அது பழகிய இடம்: இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே அடுக்கடுக்கான மாடிகள் இல்லை. தரையே சரிவாகச் சுழன்று சுழன்று மேலேறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. சுவரில் விட்ட சிறு துளைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. நெரிசலான ஒரு சின்ன மனையில் நிறையப் பேரை உட்காரவைக்க வேண்டும் என்ற சிக்கலுக்கு இதைவிட எளிய விடையை நான் பார்த்ததில்லை.

இதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எளிமையானவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எளிமையை ஒரு நல்ல குணமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பேக்கரின் கட்டடங்களைக் கவனித்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். அவருடைய எளிமை பல கைவேலைகளைக் கற்றதால் வந்த துணிச்சல். எது இல்லாமலும் சுவர் நிற்கும் என்று தெரிந்தவரால்தான் அதை விட்டுவிட முடியும்.

அவர் கற்ற வழியும் நேரானதல்ல. கட்டடக்கலை படித்து முடித்த கொஞ்ச காலத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த அவர் ஆயுதம் ஏந்த மறுத்து ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார்; மயக்க மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்று சீனாவுக்குப் போனார். அங்கே காயம்பட்டவர்களோடும் தொழுநோயாளிகளோடும் வேலை. ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக மும்பையில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். காந்தியின் கண்ணில் முதலில் பட்டது பேக்கரின் காலணி. கந்தல் துணியைக் கொண்டு செருப்புச் செய்யச் சீனாவில் கற்றிருந்தார் அவர். வீடு கட்ட வேண்டிய பொருள்கள் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்ன கருத்து பேக்கரின் வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது.

1945-இல் தொழுநோயாளிகளுக்கான இல்லங்களை மருத்துவமனைகளாக மாற்றிக் கட்டும் பணிக்காக இந்தியா வந்தார். மண் சுவர், செம்பாறைக் கல், கரையான், பருவமழை எதைப் பற்றியும் பர்மிங்ஹாம் கல்லூரி சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 1948-இல் டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இருவரும் இமயமலைப் பகுதியில் உள்ள பித்தோராகட்டுக்குப் போனார்கள். சில நாள் தங்கப் போனவர்கள் மருத்துவமனை நடத்திக்கொண்டு 1963 வரை இருந்துவிட்டார்கள். மலைக்காரர்கள் கல்லையும் மரத்தையும் மண்ணையும் கொண்டு கட்டுவதை அங்கே பக்கத்தில் நின்று பார்த்தார். குளிருக்கு, சரிவுக்கு, நிலநடுக்கத்துக்கு ஏற்ற வழிகளைப் பல தலைமுறைகளாக அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களைத்தான் தன் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டார் பேக்கர். பின்னர் கேரளத்துக்கு வந்த அவருக்கு அங்கே பெயர் வாங்கித் தந்த கட்டடங்கள் எல்லாம் ஐம்பது வயதுக்கு மேல் கட்டியவை.

அவர் பரப்பிய சுவர் ஒன்றைப் பார்ப்போம். செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவதுதான் வழக்கம். எலிப்பொறிக் கட்டு எனப்படும் முறையில் கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவரின் இரு முகங்களிலும் நிமிர்த்திய கற்கள், நடுவே வெற்றிடம், இடையிடையே இரு முகங்களையும் பிணைக்கும் குறுக்குக்கல். செங்கல்லில் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சமாகும், கலவையும் குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது.

சொல்லும்போது இவ்வளவுதான். கட்டப் போனால்தான் தெரியும், இதற்குள் எத்தனை பேருடைய தொழில் இருக்கிறது என்று. கற்கள் ஒரே அளவாக இருக்க வேண்டும். சூளையில் நன்றாக வெந்த கல்லைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். கொத்தனார் கலவையை நடுவெற்றிடத்தில் தள்ளிவிட்டால் மிச்சமும் போச்சு, குளுமையும் போச்சு. அடித்தள மட்டத்திலும், ஜன்னலுக்கு மேலும் கீழும், மூலைகளிலும் வெற்றிடம் விடாமல் கட்ட வேண்டும். மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகும் என்பதைச் சுவர் எழும்புவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்; பிறகு உளி வைத்துக் கொத்தினால் சுவர் கெடும். பேக்கர் சுவருக்குப் பூச்சும் பூசுவதில்லை என்பதால் கொத்தனாரின் கை ஒவ்வொரு இணைப்பிலும் அப்படியே தெரியும். ஆக, வரைகிறவருக்குக் கொத்துவேலை, எலெக்ட்ரீஷியன் வேலை, பிளம்பர் வேலை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

மேல்தளத்திலும் இதே கதை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சுவருக்குச் சுவர் பரவும் தளத்தின் அடிப்பகுதியில் வருவது இழுவை. அதைக் கம்பி தாங்கிக்கொள்கிறது. கம்பியைச் சுற்றி இருப்பது போக அங்கே உள்ள மற்ற கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். பேக்கர் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினார். தளத்தின் எடை குறைந்தது, சிமெண்டும் கம்பியும் குறைந்தன. ஓட்டை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது கணக்குத் தெரிந்தவர் சொல்ல வேண்டியது. ஓட்டை முதலில் தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பது கையால் வேலை செய்தவர் சொல்ல வேண்டியது. கதவுக்கு நிலை தேவையா, ஜன்னலுக்கு ஒரே பலகையை மேலும் கீழும் முளையில் நிறுத்திச் சுழலவிட்டால் போதாதா என்று அவர் கேட்ட கேள்விகளும் தச்சு வேலை தெரிந்தவருடையவை.

அவருடைய வரைபடங்கள் பழைய உறைகளின் பின்புறத்திலும் துண்டுக் காகிதங்களிலும் இருந்தன. அலட்சியம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டும் இடத்துக்கு அவரே போய்க் கொத்தனார்களோடு நின்றார். மரம் குறுக்கே வந்தால் சுவரை வளைத்தார். இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களை வாங்கிப் பயன்படுத்தினார். விவரமான வரைபடம் செய்ய வேண்டிய வேலையை அவருடைய நேரடி இருப்பு செய்தது. அப்படி நிற்க முடியாதவர் உறையின் பின்புறத்தில் வரைவது ஆபத்து.

1970களில் பொருளாதார அறிஞர் கே.என். ராஜின் வளர்ச்சி ஆய்வு மையத்துக்காகத் திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளாகத்தில் இந்தத் திறமைகள் எல்லாம் ஒன்றாகத் தெரியும். துளையிட்ட செங்கல் சுவர்கள், வளைந்து நெளியும் மெல்லிய சுவர்கள், நிழல் விழும் முற்றங்கள். செங்கல் சுவரை நெளித்துக் கட்டினால் தடிமன் குறைவாக இருந்தும் உறுதியாக நிற்கும். அழகு அதோடு கூடவே வந்துவிடுகிறது. செங்கல்சூளை குடிசைப் பகுதி மக்களுக்கும் மீனவர்களுக்கும் அவர் கட்டிய வீடுகளிலும் இதே அறிவைத்தான் செலவிட்டார். ஏழைக்குக் கட்டும்போது சிந்தனையைக் குறைத்துக்கொள்ளாதவர் என்பதே என் பார்வையில் அவருடைய பெரிய பெருமை.

இன்று பூச்சில்லாத செங்கல் சுவர் வசதி படைத்தவர்களின் மோஸ்தராகியிருக்கிறது. தூரத்து ஊரிலிருந்து லாரியில் கல்லை வரவழைத்து, உள்ளே கான்கிரீட் தூண்களை நிறுத்தி, வெளியே செங்கல் முகத்தை ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்து, பேக்கர் பாணி என்கிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. பித்தோராகட்டில் கல்லால் கட்டியவர் கேரளத்தில் செங்கல்லுக்கு மாறியது, அங்கே கிடைத்தது அதுதான் என்பதால். களிமண் இல்லாத ஊரில் அவர் இருந்திருந்தால் செங்கல்லைத் தொட்டிருக்க மாட்டார். தோற்றத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பின்னால் இருந்த கேள்விகளை விட்டுவிட்டார்கள்.

கேள்விகளோடு எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1985-இல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், கே.என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து பேக்கர் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இன்றும் வீடுகள் கட்டுகிறது. கட்டடச் செலவைக் குறைப்பது பற்றியும் மண் வீடு பற்றியும் அவரே படம் வரைந்து, கையால் எழுதிய சிறு நூல்கள் கிடைக்கின்றன. பொறியியல் படிக்காதவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் அவர் பெயரில் இயங்கும் வாழிடக் கல்வி மையத்தில் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. கட்டடக்கலை மாணவர்கள் அங்கே கரணையைக் கையில் பிடித்துச் சுவர் எழுப்புகிறார்கள். நம் கல்லூரிகளும் தங்கள் மாணவர்களை முதல் ஆண்டிலேயே இப்படி ஓர் இடத்துக்கு அனுப்பலாம்.