மழை பெய்தால் கார்ப்பெட்டில் பூனை வாடை திரும்பி வருவது ஏன்? வீட்டுப் பொருட்களை வைத்தே போக்க முடியுமா?

ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், பூனையோ நாயோ வளர்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "அன்னைக்கே நல்லா துடைச்சாச்சே, மறுபடியும் எங்கிருந்து இந்த நாத்தம்?" பூனை புதிதாக எதுவும் செய்திருக்காது. கோடையில் போன சிறுநீர்தான் இன்னும் கார்ப்பெட்டுக்குள் இருக்கிறது.

சிறுநீர் காயும்போது போவது தண்ணீர் மட்டும்தான். யூரியாவும் உப்புகளும் நூலிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறியதும் அந்த உப்புகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியாக்கள் மறுபடி வேலையைத் தொடங்கி, யூரியாவை உடைத்து அமோனியாவாக மாற்றும். மூக்கில் சுர்ரென்று ஏறுவது அதுதான்.

பூனை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதன் சிறுநீரில் 'ஃபெலினின்' என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கருத்தடை செய்யாத கடுவன் பூனையிடம் இது அதிகம். இது உடையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் உருவாகின்றன. 'பூனை வாடை' என்று நாம் சொல்வதே அதைத்தான். இந்த ஃபெலினின் உருவாவதில் 'காக்சின்' என்ற புரதத்துக்கு உள்ள பங்கை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் விளக்கினார்கள். இணையத்தில் பலர் யூரிக் அமிலம்தான் முழுக் காரணம் என்று எழுதுகிறார்கள். ஆனால் பூனையும் பெரும்பாலான நாய்களும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை அலன்டாயின் என்ற வேறொரு பொருளாக மாற்றித்தான் வெளியேற்றும். டால்மேஷியன் நாய் மட்டும் இதில் பிரபலமான விதிவிலக்கு.

ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால்...

பாதி வேலை முடிந்தது. தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ஈரம் நூலுக்குள் இன்னும் இறங்கும், பக்கத்துக்கும் பரவும். பழைய பருத்தித் துண்டையோ கிழிந்த வேட்டியையோ நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். துணி நனைந்ததும் மாற்றுங்கள். பிறகு பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். ரெண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் பெரும்பகுதி வந்துவிடும். வெந்நீரும் ஸ்டீம் மெஷினும் வேண்டாம். சூடு பட்டால் கறையும் வாடையும் நூலில் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வினிகர். நிறமில்லாத வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, அந்த இடம் ஊறும்படி ஊற்றி 10, 15 நிமிடம் விடுங்கள். அமோனியா காரம், வினிகர் அமிலம். ரெண்டும் சேர்ந்தால் காற்றில் எளிதில் பறக்காத உப்பாகிவிடும். மேலே உள்ளங்கை அளவு தெரியும் கறை அடியில் அதைவிட அகலமாகப் பரவியிருக்கும். அதனால் லேசாக ஸ்பிரே அடித்துவிட்டு நகர்ந்தால் பலன் இல்லை. ஒற்றி எடுத்து, ஃபேனுக்கு அடியில் முழுக்க உலர விடுங்கள்.

உலர்ந்த பிறகு ஆப்ப சோடாவைத் தூவி, ஒரு இரவு விட்டு, காலையில் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். அதுவரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதை வீடியோவில் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரெண்டும் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, மிச்சம் இருப்பது உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் வேலை நடக்கும்.

பழைய கறைக்கு

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச் ஒன்று போதும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தால், காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும்.

கந்தக வாடைக்கு வினிகர் போதாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். 1993-ல் அமெரிக்க வேதியியலாளர் பால் க்ரீபாம், ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தைப் போக்க ஒரு கலவையை வெளியிட்டார். அதுவும் கந்தக நாற்றம்தான். 3 சதவீத பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், திரவ சோப்பு ஒரு டீஸ்பூன். கறைக்கு இதில் கால் பங்கு கலந்தாலே போதும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் 6 சதவீதமும் கிடைக்கும். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அப்போதே கலந்து அப்போதே பயன்படுத்த வேண்டும். பாட்டிலில் மூடி வைத்தால் ஆக்சிஜன் அழுத்தத்தில் வெடித்துவிடும். சாயத்தையும் வெளுக்கும் என்பதால் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். கம்பளி, பட்டுக் கார்ப்பெட் என்றால் இந்தப் பரீட்சையே வேண்டாம், சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பவானி ஜமுக்காளம் போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. எடுத்து அலசி வெயிலில் போடலாம்.

கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோம் ஊறிப்போயிருந்தால் மேலே என்ன செய்தாலும் வாடை திரும்பும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றுவதுதான் வழி.

இதையெல்லாம் தொடாதீர்கள்

பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ சிறுநீரில் பட்டால் அதிலிருக்கும் அமோனியாவுடன் சேர்ந்து குளோரமைன் வாயு வரும். கண் எரியும், மூச்சு அடைக்கும். பிளீச்சோடு வினிகரோ டாய்லெட் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். மூடிய ஃபிளாட்டில் இது விளையாட்டில்லை. தெரியாமல் கலந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பினாயிலும் பூனைக்கு ஆகாது. பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்துருண்டையும் அப்படித்தான், நாய்க்கும் விஷம். அமோனியா கலந்த கிளீனர் வேறு விதத்தில் காலை வாரும்: அந்த வாடையே சிறுநீரை நினைவுபடுத்துவதால், அதே இடத்துக்குத் திரும்ப வரலாம்.

ஏன் அங்கே போகிறது?

தொட்டி அழுக்காக இருந்தால் பூனை வேறு இடம் தேடும். எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தொட்டி வைக்கச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். சுவரில் பீய்ச்சும் கடுவனுக்குக் கருத்தடை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வயதான நாய் திடீரென வீட்டுக்குள் போனால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடுவன் பூனை அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாக மட்டும் போனாலோ சுத்தமாக வரவே இல்லை என்றாலோ, கார்ப்பெட்டை அப்படியே விட்டுவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அது சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்; நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.