பக் தேடும் படலம் – 14: எண்ணிக்கையில் தப்பிய இரண்டு

சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். எட்டு த்ரெட்கள், ஒவ்வொன்றும் ஒரே ஃபங்ஷனை 1,000 முறை அழைக்கின்றன. ஃபங்ஷனின் வாசலிலேயே ஒரு பிரேக்பாயிண்ட். நான் எழுதிய டிபக்கர் 8,000 தடவை நிறுத்தி எண்ண வேண்டும். பெரும்பாலும் சரியாகவே எண்ணும். எப்போதாவது 7,998 என்று காட்டும். மறுபடி ஓட்டினால் 8,000.

புரோகிராமில் தப்பு என்றால் டிபக்கரைக் கேட்கலாம். டிபக்கரே கணக்குத் தவறினால்? லினக்ஸில் ஒரு த்ரெட்டை ஒரு நேரத்தில் ஒரு டிபக்கர்தான் பிடித்திருக்க முடியும். ஜிடிபி என்ற டிபக்கரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே ஓட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

எனவே லாக் போட்டேன், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வரி. இரவு முழுக்க ஓடியது. ஒருமுறைகூடக் குறையவில்லை. லாக்கை எடுத்த மறுநாளே 7,999. தேடப் போனால் ஒளிந்துகொள்ளும் இந்த வகையை ஹைசன்பக் என்பார்கள். ஜிம் கிரே 1985-இல், கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்த கட்டுரையில் இந்தப் பெயரைக் கையாண்டார். பெயர் இருக்கட்டும். லாக் போட்டதும் பக் ஏன் காணாமல் போனது? என் கையில் இருந்த ஒரே தடயம் அதுதான்.

பிரேக்பாயிண்ட் என்பது ஒரே ஒரு பைட். என் ஃபங்ஷனின் முதல் பைட் 85. டிபக்கர் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் 204-ஐ எழுதுகிறது. இன்டெல் சிப்களில் 204 என்றால் ‘நின்று சொல்லிவிட்டுப் போ’ என்று பொருள். த்ரெட் நிற்கிறது, எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. அதை மேலே அனுப்ப வேண்டுமே! பழைய 85-ஐத் திரும்ப வைத்து, ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டு, மறுபடி 204-ஐ எழுத வேண்டும்.

அந்தச் சின்ன இடைவெளியில் வாசல் திறந்து கிடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு த்ரெட் அப்போது அங்கே வந்தால் நிற்காமலே போய்விடும்.

லாக்கின் சூட்சுமமும் இங்கேதான். நான் லாக் வரியை 85-ஐத் திரும்ப வைப்பதற்கு முன்னால் போட்டிருந்தேன். வரி எழுதி முடிவதற்குள் மற்ற ஏழு த்ரெட்களும் 204-இல் வந்து நின்றுவிடும். அதன்பின் வாசல் திறந்தாலும் நுழைய ஆள் இல்லை.

அப்படியானால் தாமதத்தை இடைவெளிக்கு உள்ளே வைத்தால்? 85-ஐ வைத்த பிறகு, 204-ஐ எழுதும் முன், பத்தில் ஒரு விநாடி காத்திருக்கச் சொன்னேன். எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. திரும்ப ஓட்டினேன், அப்படியே. எத்தனையோ நாளாக எப்போதாவது மட்டும் முகம் காட்டிய பக், ஓட்டும்போதெல்லாம் வந்து நின்றது. சந்தோஷத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஆயிரம் முறை ஓட்டி வருமா என்று காத்திருந்த நாட்களில், ஓட்டை எங்கே என்று ஊகித்து அதை அகலப்படுத்தியிருக்கலாம்.

ஒருவரை அனுப்பும்வரை மற்ற எல்லா த்ரெட்களையும் நிறுத்திவைப்பது எளிய தீர்வு. எனக்கு அது வேண்டாம். அவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இதை எழுதினேன். 2009-இல் வந்த ஜிடிபி 7.0, மற்ற த்ரெட்களை ஓடவிட்டே ஒன்றை மட்டும் நிறுத்த வழி செய்தது. அதன் உத்தி அழகானது: 204-ஐத் தொடுவதே இல்லை. அசல் கட்டளையை வேறொரு மூலையில் நகலெடுத்து, த்ரெட்டை அங்கே கொண்டுபோய் ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. லினக்ஸில் அந்த மூலை, புரோகிராம் தொடங்கும் முதல் முகவரி. தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

அப்படியே மாற்றினேன். பத்தில் ஒரு விநாடி காத்திருப்பை எடுக்காமலே ஓட்டினேன். பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. 8,000.

அடுத்து பிரேக்பாயிண்டை, இன்னொரு ஃபங்ஷனை அழைக்கும் கட்டளை மேல் வைத்தேன். புரோகிராம் அங்கேயே விழுந்தது. அந்தக் கட்டளை தான் போகவேண்டிய இடத்தை ‘இங்கிருந்து இத்தனை பைட் தள்ளி’ என்று குறித்துவைத்திருக்கிறது. நானோ அந்த ‘இங்கே’யை இடம் மாற்றியிருந்தேன்.

(தொடரும்)