உங்களுக்குத் தெரியுமா? தக்காளிச் செடியும் தணிந்த வலியும்

புற்றுநோய் வலியில் துடித்த ஒரு பூ வியாபாரிக்கு, தக்காளிச் செடி வளர்வதைப் பற்றிப் பேசியே வலியைத் தணித்தார் அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன். ஹிப்னாட்டிசம் என்ற பேச்சே அந்த நோயாளிக்குப் பிடிக்காது. அதனால் விதை, மழை, வேர் என்று சொல்லிக்கொண்டே போய், நடுநடுவே ‘நிம்மதியாக’, ‘சுகமாக’ போன்ற சொற்களைக் குரலைச் சற்றே மாற்றிச் செருகினார். 1966இல் இதைக் கட்டுரையாகவும் எழுதினார்.

ஒருவர் கதையை வைத்து எதையும் நிறுவ முடியாது, மருத்துவர் மனம் கோணக்கூடாதென்று நோயாளி தலையாட்டியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் 1997இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 47 டிகிரி வெந்நீரில் கைவைத்தவர்களிடம், ஹிப்னாட்டிச நிலையில், வேதனை கூடுவதாகவும் குறைவதாகவும் சொல்லி மூளையைப் படமெடுத்தார்கள். வலியின் அளவை உணரும் பகுதியில் பெரிய மாற்றமில்லை. அதன் வேதனையோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதி மட்டும் சொல்லுக்கேற்ப ஏறி இறங்கியது. முகதாட்சண்யத்துக்காக வாய் பொய் சொல்லலாம், மூளைப் படத்தை அப்படி வளைப்பது கடினம். நோயை இத்தகைய பேச்சு தொடுவதில்லை என்பதும் உண்மை: வலி தணிந்த அந்த வியாபாரி சில மாதங்களில் புற்றுநோயால் இறந்தார்.